நூறு வருஷத்துப் புத்தகம் உள்ளே வரும், வெளியே போகாது

இங்கிலாந்தில் உள்ள ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து ‘ஆயிரத்தோர் இரவுகள்’ நூலின் கல்கத்தா அரபுப் பதிப்பை வாங்கினேன். நாலு பாகம், 1839 முதல் 1842 வரை அச்சானது. விலை 3,800 பவுண்டு. வங்கிக் கமிஷன், கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து நாலு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. வந்து சேர்ந்த செட்டில் நாலாம் பாகம் ஒட்டுப்போட்டது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயார். நானும் அனுப்பத் தயார். ஆனால் அந்தப் புத்தகத்தை இந்தியாவை விட்டு வெளியே அனுப்ப வழியில்லை. மாசக்கணக்கில் ராத்தூக்கம் கெட்டு, கடைசியில் பாதிக்கும் குறைவான பணம்தான் கைக்கு வந்தது. இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அரிய புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ஆசை இப்போது நம் ஆட்களிடம் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் காசு விஷயம் உட்பட எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் திண்டுக்கல்காரன், தோல் தொழில். பல வருஷமாகக் கொல்கத்தாவில் வேலை. பான்தலாவில் இருக்கும் தோல் வளாகத்துக்குத் தினமும் போய் வருகிறேன். சின்ன வயதில் மதரஸாவில் படித்த அரபு இன்னும் மிச்சமிருக்கிறது. பெய்ரூட்டில் மலிவுத் தாளில் அச்சடித்த ஆயிரத்தோர் இரவுகளைப் படித்து முடித்தவன். அதன் முன்னுரையில்தான், அரபு மூலத்தை உலகத்திலேயே முதன்முதலாக அச்சில் போட்டது நான் குடியிருக்கும் இந்த ஊர் என்று தெரிந்தது. கெய்ரோவும் இல்லை, இஸ்தான்புல்லும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்க ஏற்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியின் ஆதரவில், யமன் வம்சாவளியைச் சேர்ந்த ஷேக் அஹ்மத் ஷிர்வானி பதிப்பித்து 1814இல் முதல் பாகமும் 1818இல் இரண்டாம் பாகமும் வந்தன. இருநூறு இரவுகளும் சிந்துபாத் கதையும் மட்டும். அது கண்ணில் படுவதே அபூர்வம். எனக்கு அது எட்டாக்கனி என்று அப்போதே தெரியும். நான் தேடியது அதற்கு அடுத்து இதே ஊரில் வந்த முழுப் பதிப்பை. மேஜர் டர்னர் மேக்கன் கொண்டுவந்த எகிப்துக் கையெழுத்துப் பிரதியை வைத்து, வில்லியம் மெக்நாட்டன் பெயரில் வெளியானது. அந்த மெக்நாட்டன் காபூலுக்குத் தூதராகப் போய் 1841 டிசம்பரில் அங்கேயே கொல்லப்பட்டார். நாலாம் பாகம் அவர் செத்ததற்கு அடுத்த வருஷம்தான் வெளிவந்தது. இப்படி ஒரு புத்தகம் வீட்டு அலமாரியில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து, போனஸ், சீட்டுப் பணம் என்று ஒதுக்கிச் சேர்த்தேன்.

வாங்குகிறவர்கள் முதலில் பதிப்புகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விற்கிறவர்களில் பாதிப் பேர் குழப்பிப் போடுகிறார்கள். கல்கத்தா முதல் பதிப்பை மேலே சொன்னேன். அப்புறம் அன்றைய பிரஷ்யாவில் இருந்த (இன்றைக்குப் போலந்து) பிரெஸ்லாவில் 1824 முதல் 1843 வரை பன்னிரண்டு பாகம். ஹபிஷ்ட் தொடங்கினார், ஃப்ளைஷர் முடித்தார். துனிஸிலிருந்து வந்த கையெழுத்துப் பிரதி என்று ஹபிஷ்ட் சொன்னதை, அப்படி ஒரு பிரதியே கிடையாது, பல இடத்துச் சரக்கைச் சேர்த்தது என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். அடுத்தது கெய்ரோவுக்குப் பக்கத்தில் பூலாக் அரசு அச்சகத்தில் 1835இல் வந்த இரண்டு பாகம். கடைசியில் என் கல்கத்தா இரண்டாம் பதிப்பு. இவை எதிலும் அற்புத விளக்கு அலாவுதீன் கிடையாது, அலிபாபாவும் கிடையாது. அந்தக் கதைகளை அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரிஸில் சொல்ல, காலான் என்ற பிரெஞ்சுக்காரர் தன் மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்டார். ஆகவே, ‘அலாவுதீனும் அற்புத விளக்கும் உள்ள 1839 அரபுப் பதிப்பு’ என்று யாராவது விற்றால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். முகப்புப் பக்கத்தில் போட்டிருக்கும் ஊரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பர்ட்டனின் 1885 ஆங்கில மொழிபெயர்ப்பில் பனாரஸ் என்று போட்டிருக்கும், அச்சானது இங்கிலாந்தில்.

இதெல்லாம் தெரிந்துதான் இறங்கினேன். நாலு பாகத்தின் முகப்புப் பக்கங்கள், பைண்டிங், முதுகு, உள்ளே சில பக்கங்கள் என்று படம் கேட்டேன், அனுப்பினார்கள். ஆங்கில முகப்பும் அரபு முகப்பும் சரியாக இருந்தன. பக்கங்கள் எல்லாம் முழுமையாக இருக்கின்றனவா என்று மின்னஞ்சலில் கேட்டதற்கு, ‘முழுமை’ என்று ஒற்றை வார்த்தையில் பதில். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். தாள் தாளாக எண்ணிப் பார்த்துச் சொல்வது வேறு, நாலு பாகமும் இருக்கிறது என்ற அர்த்தத்தில் முழுமை என்பது வேறு. எண்ணிப் பார்த்தீர்களா, எந்தப் பிரதியோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் கடைசிப் பத்துத் தாளையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய புத்தகத்தில் முதலில் கழன்று போவது முதல் தாளும் கடைசித் தாள்களும்தான். முதல் தாளை எல்லாரும் பார்ப்பார்கள், கடைசியை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஊரில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்வது எல்லாவற்றையும் விட நல்லது. எனக்கு அங்கே யாரும் இல்லை.

பார்சல் கஸ்டம்ஸில் சில நாள் நின்றுவிட்டு வந்தது. பிரித்ததும் நான் முதலில் பார்த்தது தோலைத்தான், தொழில் புத்தி. அடர் பழுப்பு நிறம், முதுகில் பொன் எழுத்து. விரலை வைத்து லேசாக இழுத்தேன். செங்கல் தூள் மாதிரி ஒட்டிக்கொண்டது. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் நாள்பட நாள்பட அமிலமாகிப் பொடிந்து உதிரும், அதுதான் இது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் இப்படி உதிராது. ஆக பைண்டிங் பழசுதான், ஆனால் 1840 அளவுக்குப் பழசு இல்லை, அந்த நூற்றாண்டின் கடைசியில் திரும்பக் கட்டியது என்று என் கணக்கு. இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் லண்டனுக்கு டன் கணக்கில் போகும், புத்தகம் கட்டவும் பயன்படும். நூலகங்களில் பைண்டிங்கெல்லாம் உதிர ஆரம்பித்ததும், அங்கே ஒரு குழு போட்டு ஆராய்ந்து, இந்தியாவிலிருந்து வரும் அந்தத் தோலைப் புத்தகத்துக்கு வேண்டாம் என்று 1900களின் தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆடாகக்கூட இருக்கலாம் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

நாலாம் பாகத்தில் புழு துளைத்திருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கல்கத்தா ஈரத்தில் இருந்த புத்தகம். ஒரு துளை பென்சில் முனை அளவுக்கு, பக்கத்தின் கீழ் ஓரத்தில், தாளுக்குத் தாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது. சும்மா அதைத் தொடர்ந்து புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிக்குச் சுமார் முப்பது தாள் இருக்கும்போது துளை சட்டென்று காணோம். அடுத்த தாள் முழுசு. அதற்கடுத்ததும் முழுசு. பின் அட்டை வரைக்கும் ஒரு ஓட்டை இல்லை. புழு அப்படி ஒரு தாளில் யூ டர்ன் அடிக்காது. விளக்கைத் தாளுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். எழுத்துள்ள பகுதி ஒரு தாள், சுற்றியுள்ள ஓரம் வேறு தாள், இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. சின்ன அளவுப் புத்தகத்தின் பக்கங்களை வெட்டி, நாலு பக்கமும் ஓரம் ஒட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பழைய பக்க எண்ணை வெட்டி எறிந்துவிட்டு, புது எண்ணைக் கையால் மையில் எழுதியிருக்கிறார்கள்.

கல்கத்தாப் பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விடிய விடிய அதை வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டேன். படித்தால் கதை கொஞ்சமும் தடங்காது, அதுதான் விஷயம். பூலாக் பதிப்பும் கல்கத்தா இரண்டாம் பதிப்பும் ஒரே எகிப்து மரபிலிருந்து வந்தவை, கதை வரிசையும் வாசகமும் பெரும்பாலும் ஒன்றேதான். பூலாக்கைப் பார்த்து கெய்ரோவில் பின்னால் அடித்த ஏதோ ஒரு மலிவுப் பதிப்பிலிருந்து இந்தத் தாள்கள் வந்திருக்க வேண்டும். அங்கங்கே ஒரு சொல் மாறுகிறது, வரி முடியும் இடம் மாறுகிறது, அச்செழுத்தின் வெட்டு மாறுகிறது, அவ்வளவுதான். கடைசிக் கதை மஃரூஃப் என்கிற செருப்புத் தைப்பவனின் கதை. தோல்காரனுக்கு அந்தக் கதைதான் ஒட்டுப்போட்டு வர வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. புழுத் துளை அட்டையிலும் இல்லை என்றால், தோல் கட்டிய காலத்திலேயே இந்தத் தாள்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நூறு வருஷத்துக்கு முந்திய யாரோ ஒரு சொந்தக்காரர், கதை முடிவு இல்லாமல் இருக்கிறதே என்று கெய்ரோப் புத்தகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். ஆனால் பார்க்காமலே முழுமை என்று எழுதிக்கொடுத்தது கடைதானே. படங்களோடு எழுதினேன். பதில் மரியாதையாகவே வந்தது: வருந்துகிறோம், திருப்பி அனுப்புங்கள், வந்து சேர்ந்ததும் முழுப் பணத்தையும் தருகிறோம். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கூரியர் அலுவலகத்தில் அந்த நிம்மதி போனது. எந்த வருஷத்துப் புத்தகம் என்று கேட்டார்கள், சொன்னேன். எடுக்க மாட்டோம் என்றார்கள். இன்னொரு கூரியர், அங்கேயும் அதே பதில். தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றார்கள். அப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972. கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருஷம் ஆகியிருந்தால் தொல்பொருள். மற்ற பொருள் என்றால் 100 வருஷம். அச்சுப் புத்தகம் என்று அதில் தனியாகப் பெயர் சொல்லவில்லை. ஆனால் கடந்த காலத்தின் கலையையோ இலக்கியத்தையோ சமயத்தையோ காட்டும் எந்தப் பொருளும், வரலாற்று ஆர்வத்துக்குரிய எந்தப் பொருளும் என்று விரித்து எழுதியிருக்கிறார்கள். அதற்குள் என் புத்தகம் அடங்கிவிடும். தொல்பொருளை மத்திய அரசும் அது அனுமதித்த அமைப்பும் தவிர வேறு யாரும் ஏற்றுமதி செய்யக்கூடாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரோ, அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ சொல்வதுதான் முடிவு. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பழசு இல்லை என்று சான்றிதழ் இருந்தால்தான் புத்தகம் வெளியே போகும், பழசு என்பதற்காகத்தான் நான் நாலு லட்சம் கொடுத்தேன். விசாரித்த ஒரு வக்கீல், போன மாசம்தான் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று காகிதம் இருந்தாலும் பொருளின் வயசு மாறாது, விண்ணப்பித்துப் பாருங்கள், ஆனால் கடைக்காரர் கொடுத்த முப்பது நாளுக்குள் முடியும் என்று நினைக்காதீர்கள் என்றார். ஸ்வெட்டருக்குள் சுற்றி, பழைய புத்தகம் என்று மட்டும் எழுதி, சாதாரணத் தபாலில் போட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தச் சட்டம் நல்ல காரணத்துக்காக வந்தது. இந்தியாவில் அச்சான புத்தகம் மறுபடி இந்தியாவை விட்டுப் போகக்கூடாது என்று அது சொன்னால், புத்தகத்தின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கே அது சரியாகத்தான் படுகிறது. என் பணத்தின் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் வலிக்கிறது.

கடைக்காரர் முதலில் நம்பவில்லை. புத்தகத்தையும் வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்கிற ஆள் என்று நினைத்திருப்பார், பதிலின் தொனி மாறிவிட்டது. சட்டத்தின் ஆங்கில வாசகத்தையும் கூரியர்காரர்கள் எழுதிக் கொடுத்ததையும் அனுப்பினேன். பிறகு நாலில் ஒரு பாகம்தான் பழுது, விலையில் நாலில் ஒரு பங்கு, அதாவது 950 பவுண்டு தருகிறேன் என்றார். இந்தக் கணக்கை யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு பாக செட்டில் ஒன்று கெட்டால் மிச்சம் மூன்றுக்கு முக்கால் விலை கிடைக்காது, செட் உடைந்தால் மதிப்பே சரிந்துவிடும். அதை அவருக்கும் தெரிந்த பாஷையில் சொல்ல வேண்டியிருந்தது. அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், துளை நிற்கும் தாளுக்கு முன்னும் பின்னும், விளக்கில் தெரியும் ஒட்டு, ஸ்கேனோடு ஒப்பிட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே அறிக்கையாக்கி அனுப்பினேன். கோபமாக எழுதிய கடிதங்களை விட அந்த அறிக்கைதான் வேலை செய்தது. கடைசியில் 1,500 பவுண்டுக்குச் சம்மதித்தார். வங்கிக் கழிவு போக ஒன்றரை லட்சம் வந்தது. மிச்சம் இரண்டரை லட்சத்துக்கு மூன்று நல்ல பாகமும் ஒரு ஒட்டுப் பாகமும். வீட்டில் இதைச் சொல்வதற்குத்தான் அதிக நாள் ஆனது. மகளின் காலேஜ் பீஸ் கட்டுகிற மாசம் அது.

வங்கிக் கணக்கு வழியாக அனுப்பிய பணத்தைத் திருப்பி வாங்குவது மிகவும் கஷ்டம். கார்டில் கட்டினால் பொருள் சொன்னபடி இல்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிடலாம், அதற்கும் கெடு உண்டு. கமிஷன் கூட ஆனாலும் கார்டே மேல். பழைய புத்தக வியாபாரிகளுக்கு என்று சர்வதேச சங்கமும் நடத்தை விதிகளும் இருக்கின்றன. உறுப்பினரான கடை என்றால் தகராறு வந்தால் முறையிட இடம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பணம் கட்டுவதற்கு முன் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: இந்தியச் சட்டத்தால் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப முடியாமல் போனால், படங்களை ஆதாரமாக ஏற்றுக்கொண்டு எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று. இதற்குச் சம்மதிக்காத கடையில், ‘திருப்பி அனுப்பலாம்’ என்ற வாக்குறுதிக்கு நமக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை.

தோல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தோல் காய்ந்து பொடிந்தால் எண்ணெய் ஏற்று என்பதுதான் எங்கள் தொழில் பாடம். புத்தகப் பாதுகாப்பு வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டபோது, தொடவே தொடாதீர்கள் என்றார். இப்படி அமிலமாகிப் போன தோலில் எண்ணெய் போட்டால் கறுத்துப் பிசுபிசுத்துப் போகும், எண்ணெய் தாளுக்குள்ளும் இறங்கும். இதற்கென்று செல்லுலோஸ் கரைசல் இருக்கிறது, ஆல்கஹாலில் கரைத்து மெல்லப் பூசினால் தூள் உதிர்வது நிற்கும், அதையும் பழகியவர் கையால் செய்ய வேண்டும். நான் இப்போதைக்கு அமிலமில்லாத அட்டையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெட்டி செய்யக் கொடுத்து, அதற்குள் படுக்கை வசமாக வைத்திருக்கிறேன். அந்துருண்டை, பூச்சி ஸ்ப்ரே எதுவும் கிட்டே வரக்கூடாது. கெய்ரோத் தாள்களைப் பிரித்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அதுவும் புத்தகத்தின் சரித்திரம்தான், ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள் என்றார். எழுதி வைத்துவிட்டேன்.

அந்தச் சீட்டோடு கடையின் ரசீது, கஸ்டம்ஸ் காகிதம், எங்கள் கடிதப் போக்குவரத்து எல்லாவற்றின் நகலையும் ஒரு கவரில் போட்டு முதல் பாகத்தின் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்தியாவுக்குள்ளேயே விற்பதானாலும், ஏதாவது நூலகத்துக்குக் கொடுப்பதானாலும் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட இவைதான் ஆதாரம். மகன் துபாயில் இருக்கிறான். நான் போன பிறகு ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று பெட்டியில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடக்கூடாது என்பதால், கவரின் மேலேயே சட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.